ஏழாம் பாதையின் ஈரவாலன்

பம்பரத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பட்டப்பெயர் அது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது; பெயர் மட்டும் நிற்காமல் கூடவே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான்கு வருடத்தில் ஐந்து வேலை. மருந்துக்கடையில் எட்டு மாதம். கூரியர் கிடங்கில் பார்சல் பிரித்து அடுக்கும் வேலை, அது ஒரு மழைக்காலம் மட்டும். பல் டாக்டரிடம் ஒன்பதே நாள். எங்கேயும் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் செருப்பை மாட்டும்போது கால் அந்தத் திசையில் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவள் காலோடு வாதாடுகிறவள் இல்லை.

ஐந்தாவது வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வீடியோ கேம் செய்கிற சின்ன அலுவலகம் ஒன்று இருந்தது. ஒருவருக்குக் கண்ணாடி கொடுக்க மேலே போனவள் எட்டிப் பார்த்தாள். நாலு மேஜை, எட்டு திரை, தரையெல்லாம் சார்ஜர் வயர். நடுவில் ஒருவன் கையில் விளையாட்டுக் கருவியோடு மேஜைகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"இதுவா வேலை?" என்று கேட்டாள்.

"இதுதான் வேலை. நான் அடுத்த வாரம் கிளம்பறேன். உனக்கு வேணுமா?"

நடந்துகொண்டே செய்யலாம் என்பது ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கையடக்கக் கருவியில் வந்து பிள்ளைகளைப் பைத்தியமாக அடித்த விளையாட்டு அது. காடு மேடெல்லாம் நடந்து, புல்லுக்குள் ஒளிந்திருக்கும் குட்டிப் பூதங்களை வலை வீசிப் பிடித்து, ஓர் ஏட்டில் சேர்க்க வேண்டும். மொத்தம் நூற்று நாற்பது பூதம். அத்தனையும் சேர்ந்தால்தான் ஏடு நிறையும். அந்தப் பழைய விளையாட்டைப் புதிய கருவிக்காக முதலிலிருந்து திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். பழைய கருவியின் திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். புதியது நல்ல அகலம். பம்பரம் அதில் ஆடிப் பார்த்துத் தப்பு எங்கே என்று எழுதித் தர வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்கள். தேறினால் நிரந்தரம்.

அவள் இருந்தது அக்கா வீட்டில். விஷயத்தைச் சொன்னதும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"விளையாடறதுக்கு ஆள் எடுக்கறாங்களா? யாருக்குடி காது குத்தற?"

"நெஜமாக்கா. தப்பு கண்டுபிடிச்சு சொல்லணும்."

"அப்போ உனக்குன்னே செஞ்ச வேலை. நான் சுட்ட தோசையிலயே நீ நாலு தப்பு சொல்லுவ."

பேருந்து ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டிப் படுத்திருந்த அத்தான் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பேட்டரி தீந்துட்டா லீவா?"

அலுவலகத்தில் எல்லோரும் அந்தப் பழைய விளையாட்டை ஆடியே வளர்ந்தவர்கள். எந்தப் பூதம் எந்தப் புல்லில் இருக்கும், எதற்கு என்ன பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பம்பரம் மட்டும் அதைத் தொட்டதே இல்லை. அதனால் அவள் ஒவ்வொரு புல்லாக, ஒவ்வொரு குகையாக, ஒன்றும் தெரியாதவளாகவே நடந்தாள். பத்தாவது வாரம் நூற்று முப்பத்தொன்பது பூதம் அவள் ஏட்டில் இருந்தது. பாக்கி ஒன்று. ஈரவாலன். பட்டியலில் அதற்கு நேரே ஏழாம் பாதை என்று போட்டிருந்தது. அங்கே எதிர்ப்படுகிற பூதங்களில் நூற்றில் ஒன்று அதுவாக இருக்குமாம்.

ஆறு நாள் ஏழாம் பாதையிலேயே சுற்றினாள். பூதம் வரும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போட்டாள். கோடு ஆயிரத்து நூறைத் தாண்டியதும் புகார் எழுதி அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது: 'தப்பு இல்லை. அதிர்ஷ்டம் இல்லை. மூடப்பட்டது.'

எழுதியவர் நிரலாளர், விளையாட்டைக் கணினியில் எழுதி ஓட வைக்கிறவர். பென்சில் முனையைக் கடித்தபடியே யோசிக்கிறவர். அவர் மேஜையில் முழுப் பென்சில் ஒன்றைப் பார்த்தவர் கிடையாது. பம்பரம் நேரே அவரிடம் போனாள்.

"அண்ணா, ஆயிரத்து நூறு தடவை பூதம் வந்திருக்கு. ஒண்ணுகூட ஈரவாலன் இல்ல."

"நூத்துல ஒண்ணுன்னா நூறாவது தடவை கரெக்டா வந்து நிக்கும்னு அர்த்தம் இல்லம்மா. சீட்டு குலுக்கிப் போடற மாதிரி. ஒவ்வொரு தடவையும் புதுசா குலுக்குது."

"ஆயிரத்து நூறு தடவை குலுக்கினா அதுக்கே கை வலிச்சிருக்குமே?"

அவர் சிரித்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இதைப் பாரு. எல்லாப் பூதத்துக்கும் இடம் இருக்கான்னு கணினியே சரிபார்க்குது. ஏழாம் பாதை, ஈரவாலன், பச்சை டிக்."

"டிக் இருக்கு. பூதத்தைக் காணோமே."

எதிர் மேஜையில் ஓவியர் இருந்தார். முப்பதைத் தாண்டிய பெண்மணி, நாக்கு கத்தரிக்கோல் மாதிரி. "நான் சின்ன வயசுல அதே பாதையில மூணு புடிச்சேன்டி. உனக்கு ராசி இல்ல. நின்னு நிதானமா நடக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் யாரும் ஈரவாலனைப் புல்லில் போய்த் தேடியதே இல்லை. சோதிக்க வேண்டியிருந்தால் ரகசியப் பட்டியலைத் திறந்து, எண்ணைத் தட்டி, வேண்டிய பூதத்தைக் கையில் வரவழைத்துக்கொள்வார்கள். அது ஏழாம் பாதையில் இருப்பது அவர்களுக்கு இருபது வருடமாகத் தெரியும். தெரிந்ததைப் போய் யார் தேடுவார்கள்?

மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் எழுதிய இரண்டு புகார்கள் ஏற்கெனவே பொய்த்திருந்தன. ஒன்று, கதவு திறக்கவில்லை என்று எழுதியது. சாவி விளையாட்டில் வேறோர் ஊரில் இருந்தது.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் விளையாட்டை அனுப்பறோம். உன் மூணு மாசமும் அன்னைக்கே முடியுது. இதுவும் வெறும் சத்தம்னு ஆச்சுன்னா, உன்னை வெச்சுக்கணும்னு நான் எந்த வாயால சொல்றது?"

புதன்கிழமை காலை கால் அடம்பிடித்தது. நிறுத்தத்தில் பேருந்து வந்தது, ஏறாமல் நின்றாள், போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் திரும்பினாள். ஆனால் போய்விட்டால் அவர்கள் சொன்னதே உண்மையாகிவிடும்: பூதம் இருக்கிறது, இவளுக்குத்தான் பொறுமை இல்லை. அது பொய். எவனோ ஒருவன் விளையாட்டை வாங்கி, நூற்று முப்பத்தொன்பதைச் சேர்த்துவிட்டு, கடைசி ஒன்றுக்காக அந்தப் பாதையில் நடந்துகொண்டே இருப்பான். தன் ராசியையே திட்டிக்கொண்டு நடப்பான். அதை நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கால் அரித்தது. அடுத்த பேருந்தில் ஏறினாள்.

வழியில் ஒன்று தோன்றியது. பழையதில் இருக்கிறது என்கிறார்கள். புதியதில் இல்லை என்கிறேன் நான். இரண்டிலும் ஒரே நேரத்தில் நடந்தால் என்ன?

மேலாளரின் அலமாரியில் பழைய கருவி ஒன்று அழகுக்கு வைக்கப்பட்டிருந்தது. கெஞ்சி வாங்கினாள். புது பேட்டரி போட்டு, ஏழாம் பாதை வரைக்கும் ஆடிச் சேர்வதற்குள் புதன்கிழமை போய்விட்டது. வியாழக்கிழமை காலை ஜன்னல் திட்டில் இரண்டையும் அருகருகே வைத்தாள். இடது கட்டைவிரல் பழையதில், வலது கட்டைவிரல் புதியதில். இரண்டிலும் பூதம் அண்டாத விரட்டு மருந்தைத் தெளித்துக்கொண்டு, பாதையின் தொடக்கத்திலிருந்து புறப்பட்டாள்.

மேலே நான்கு கட்டம். இடது ஆறு. மேலே ஒன்று.

புதிய கருவியில் ஆள் விறுவிறுவென்று நடந்துவிடுவான். பழையதில் மாடு மாதிரி அசைவான். ஒவ்வோர் அடிக்கும் புதியவன் போய் நிற்க, பழையவன் வந்து சேரும்வரை பம்பரம் காத்திருக்க வேண்டும். அவள் கால் மாற்றி நின்றாள். பல்லைக் கடித்தாள். இரண்டு முறை எண்ணிக்கை தவறி, தொடக்கத்துக்கே திரும்பிப் போனாள்.

"என்னடி, ரெட்டை மாட்டு வண்டி ஓட்டறியா?" என்றார் ஓவியர்.

"பேசாதீங்க மேடம், எண்ணிட்டிருக்கேன்."

பதினொரு மணி வாக்கில், பாதையின் இடது ஓரத்தில், இரண்டு விரலையும் ஒன்றாக அழுத்தினாள். புதியது 'டப்' என்றது. மரத்தில் முட்டி நின்றுவிட்டான். பழையவன் முட்டவில்லை. இன்னும் ஓர் அடி போனான். இன்னும் ஒன்று. நான்கு அடி உள்ளே போய், கறுத்த புல்லுக்குள் இடுப்புவரை நின்றான்.

அவள் கத்திய கத்தலில் நிரலாளரின் பென்சில் கீழே விழுந்தது.

அவர் வந்து பார்த்தார். தன் இடத்துக்குப் போய், ஏழாம் பாதையின் வரைபடத்தைத் திறந்து, மரங்களை மட்டும் மறைத்தார். மரத்துக்கு அடியில் பன்னிரண்டு கட்டம் ஈரப்புல் அப்படியே இருந்தது. ஈரவாலனின் பெயரும் அந்தப் புல்லோடு மட்டும் ஒட்டியபடி பத்திரமாக இருந்தது. வீடு இருந்தது, ஆள் உள்ளேயே இருந்தான், வாசலில் மரத்தை நட்டுவிட்டார்கள்.

நட்டவர் ஓவியர். புதிய திரை அகலமென்பதால் பழைய வரைபடத்தின் ஓரங்களுக்கு அப்பால் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. அதை மறைக்க அவர் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வோர் ஓரத்திலும் மரம் வரைந்திருந்தார். பழைய திரையில் புல்லும் தரையும் ஒரே மங்கலாகத் தெரியும். அந்த மூலை வெறும் தரை என்றே நினைத்துவிட்டார்.

"மூணு புடிச்சேன், மூணு புடிச்சேன்னு சொன்னேனே," என்றார் மெதுவாக. "எங்க நின்னு புடிச்சேன்னு எனக்கே மறந்துபோச்சு பாரு." அடுத்த நொடியே குரல் ஏறியது. "அதுக்காக மரத்தை வெட்டினா அந்தப் பக்கம் கறுப்பு பல்லை இளிக்குமே!"

"வெட்ட வேணாம் மேடம். நாலு கட்டம் அந்தாண்ட நகர்த்துங்களேன்."

"நகர்த்தறதுக்கு அது என்ன நாற்காலியா?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழவில்லை. மாலைக்குள் மரம் நகர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் புதிய பதிப்பு பம்பரத்தின் கைக்கு வந்தது. மேலாளர் பக்கத்திலேயே நின்றார். "மத்தியானம் பன்னிரண்டுக்கு அனுப்பியாகணும். புல் வந்தாச்சுன்னு தெரியுது. பூதம் வருதுன்னு யாராவது கண்ணால பார்த்தாத்தான் கையெழுத்து போடுவேன்."

"ரகசியப் பட்டியல்ல வரவழைச்சிடலாமே?" என்றார் நிரலாளர், வாய் தவறி.

"அப்படி வரவழைச்சுத்தானே அண்ணா இத்தனை மாசம் ஏமாந்தோம்?"

அவர் தன் மேஜைக்குத் திரும்பிப் பென்சிலைக் கடித்தார்.

இப்போது நிஜமாகவே அதிர்ஷ்டம்தான். நூற்றில் ஒன்று. பன்னிரண்டு கட்டப் புல்லில் பம்பரம் மேலும் கீழும் நடந்தாள். வருவதெல்லாம் தவளைப் பூதம், கொசுப் பூதம். பத்து மணி. பத்தரை. முதலில் நிரலாளர் வந்து பின்னால் நின்றார், அப்புறம் ஓவியர். ஒருவர் மூச்சு அவள் காதில் பட்டது. பதினொன்று ஐந்துக்குத் திரை மினுக்கியது. சொட்டச் சொட்ட நனைந்த நீள வாலோடு, பம்பரம் இதுவரை பார்த்தே இராத ஒன்று வந்து நின்று முறைத்தது.

"வந்துட்டான்!" என்றார் மேலாளர். "போதும், மூடு!"

"எதைப் போதும்கறீங்க? புடிடி அவனை!" ஓவியர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

முதல் வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாவதையும். மூன்றாவது வலைக்குள் ஒரு தரம் துள்ளியது, இரண்டு தரம் துள்ளியது, அடங்கியது. மூன்றாம் மாடியே ஆடுகிற மாதிரி ஒரு கூச்சல். கீழேயிருந்து கண்ணாடிக் கடைக்காரர் படியேறி வந்து என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார்.

சத்தம் அடங்குவதற்குள் பம்பரம் ஏட்டைத் திறந்திருந்தாள். நூற்று நாற்பதாம் பக்கம். ஈரவாலனின் படம் இருந்தது, பெயர் இருந்தது. அதன் குணம், வாழுமிடம் பற்றி நாலு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளை. ரகசியப் பட்டியல் வழியாக வருகிற பூதத்துக்கு ஏடு திறக்காது. ஆகவே அந்தப் பக்கத்தை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

மணி பதினொன்று பதின்மூன்று. மேலாளர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். பம்பரம் அந்தப் பேனாவைப் பார்த்தாள். இன்னொரு புகாரா, இந்த நேரத்திலா? யார் நம்புவார்கள்?

"அண்ணா," என்றாள். திரையைத் திருப்பிக் காட்டக்கூட அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

நிரலாளர் நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்கவில்லை, பட்டியலையும் பச்சை டிக்கையும் பார்க்கவில்லை. காலாலேயே நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சார், பேனாவை மூடுங்க," என்றார் மேலாளரிடம். அப்புறம் அவளிடம் திரும்பினார். "சொல்லு, எங்க?"