சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

பழைய பொருட்களைப் பார்த்து நான் பயந்ததே இல்லை. போன வாரம்வரை.

பாளையம்பட்டியில் ராமலிங்கம் அண்ணன் விசைத்தறி ஓட்டுகிறார். இளவயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர். குழு கலைந்தபோது ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் பங்குக்கு வந்தது ஓர் ஆம்ப்ளிஃபயர். தூத்துக்குடி துறைமுகத்தில், ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலிலிருந்து இறங்கியதைக் குழுத்தலைவர் வாங்கினாராம். வால்வு செட். பழைய ரேடியோவுக்குள் மங்கலாக எரியுமே கண்ணாடிக் குமிழ், அதே சங்கதிதான்.

அதைப் பெங்களூரில் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். வேலை செய்தால் ஒரு விலை. செய்யாவிட்டால் அதில் பாதி. முழு விலை வந்தால் அண்ணன் தறிக்கு மோட்டார் மாற்றிவிடுவார்.

வாரண்டி கார்டு முதல் உபரி ஸ்குரூ வரை பத்திரப்படுத்துகிறவன் என்று ஊரில் எனக்கொரு பெயர் உண்டு. அதனால் அண்ணன் போன் செய்தார். “தம்பி, இது என்ன மாடல், எந்தக் காலத்துதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். அந்தாளு பின்பக்கத் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றாரு.”

நான் எதையும் படிக்காமல் தொடுகிற ஆள் இல்லை. இரண்டு நாள் இணையத்தில் படித்தேன். முகப்பில் இருக்கும் பெயரை மட்டும் நம்பக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், பின்தகடு – மூன்றிலும் உள்ள எண்கள் ஒத்துப்போக வேண்டும். மாற்றாத ஒவ்வொரு திருகுக்கும் மதிப்பு உண்டு. சரி, அதெல்லாம் விலை விவகாரம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கூடவே ஓர் எச்சரிக்கை இருந்தது. பல வருடம் கிடந்த பெட்டிக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்காதே. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்னச் சின்னக் குப்பிகள் இருக்கின்றன. அவை வெடிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கலாம்.

படித்த அன்றே பயம் தொற்றிக்கொண்டது. ஆனாலும் போனேன்.

அன்று பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தம். தெருவே அமைதி. தறிக் கொட்டகையில் நூல் சிப்பங்கள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எல்லாவற்றின் மேலும் பஞ்சுத் தூசி. அந்தச் சிப்பங்களை ஒட்டித்தான் ஆம்ப்ளிஃபயரை வைத்திருந்தார்.

“பிளக்கை எடுத்துட்டீங்களாண்ணே?”

“கரண்டே இல்லயே தம்பி.”

நான் அதை ‘எடுத்துவிட்டேன்’ என்று எடுத்துக்கொண்டேன். கேட்ட கேள்விக்கு அது பதிலா? இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

முதலில் பின்பக்கத்து ஃப்யூஸ் மூடியைத் திருகி எடுத்தேன். உள்ளே ஃப்யூஸின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது.

“இது என்னண்ணே?”

“அதுவா? அடிக்கடி ஃப்யூஸு போகுதுன்னு மைக் செட்காரரு சுத்திவிட்டாரு. அதுக்கப்புறம் போகவே இல்ல பாத்துக்கங்க.”

போகாதுதான். ஃப்யூஸ் போகாது என்றால், போவதற்கு வேறு ஏதாவது தயாராக இருக்கிறது என்று அர்த்தம். நூல் சிப்பங்களைப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

அடுத்தது பின்தகடு. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தறிக்குப் பொட்டு வைக்கும் கையோடு, மதினி இதற்கும் வைத்திருக்கிறார். சந்தனம், குங்குமம், மறுபடி சந்தனம்... காரை பூசியதுபோல் இறுகிக் கிடந்தது. நான் ஒரு பட்ஸை எடுத்து மெல்லத் தேய்க்க ஆரம்பித்ததும் மதினி வந்துவிட்டார்.

“தம்பி, அது பூசைக்கு வச்ச பொட்டு. அதப் போயி சொரண்டுறீக.”

“அடியில எழுத்து இருக்கு மதினி.”

“எழுத்து இருக்குன்னு நா கண்டேனா? நடுவுல எடம் தோதா இருந்துச்சு, வச்சேன்.”

அண்ணனுக்குப் பொறுமை இல்லை. “மாடலு கெடக்கட்டும் தம்பி. கரண்டு வந்ததும் தானா எரியும். வீடியோ எடுத்து அனுப்பிருவோம்.”

“தானா எரியுமா? எப்படிண்ணே?”

“காலையிலயே சொருகி சுவிச்சும் போட்டுட்டேன். பிளக்குதான் ஒரே ரோதனை. பின்னு ரெண்டும் தட்டையா இருந்துச்சு, நம்ம பாயிண்டுல போகல. அறுத்துட்டு நம்மூருப் பிளக்க மாட்டிட்டேன்.”

என் விரல் தகட்டின் மேல் இருந்தது. விரலுக்குப் பக்கத்தில், உதிர்ந்த சந்தனத்துக்கு அடியில், இரண்டு ஒன்றும் ஓர் ஏழும் தெரிந்தன. நூற்றுப் பதினேழு வோல்ட். நம் வீடுகளுக்கு வருவது இருநூற்று முப்பது.

எழுந்தது நினைவில்லை. சிப்பங்களுக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடித்து இழுத்தது மட்டும் நினைவிருக்கிறது. முதல் இழுப்பில் வரவில்லை. மதினி, வீட்டில் பேசும் கன்னடத்தில் அண்ணனிடம் என்னவோ கேட்டார். இரண்டாவது இழுப்பில் பிளக் வந்து தரையில் விழுந்தது.

“என்ன தம்பி, பேயறஞ்ச மாதிரி இருக்கீக?” என்றார் அண்ணன்.

எண்ணைக் காட்டினேன். நம் வீட்டுக்கு வருவதில் பாதி மின்சாரம்தான் இது தாங்கும் என்றேன். “கச்சேரிக்குப் போகும்போது கூடவே கனமா ஒரு டப்பா வந்திருக்கணுமே. கரண்டைக் குறைச்சுக் கொடுக்கிற டப்பா.”

“எனக்கென்ன தெரியும்? நா வாசிக்கிறவன். வயரு மாட்டுறது மைக் செட்காரரு சோலி.”

மதினிக்குத் தெரிந்திருந்தது. “அந்த இரும்பு டப்பாவா? தூக்க முடியாமக் கெடந்துச்சேன்னு பழைய இரும்புக்குப் போட்டாச்சே.”

மூவரும் டீ குடித்தோம். பாதி கிளாஸ் இருக்கும்போது கரண்ட் வந்தது. எங்கள் பக்கம் அதை விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. தெருக்கோடியில் ஒரு தறி ‘தடக்’ என்றது. அடுத்து இரண்டு. பிறகு தெரு முழுக்க. சத்தம் வீடு வீடாக எங்களை நோக்கி வந்தது. மூவரும் தரையில் கிடந்த அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணன் டீயை அப்படியே கீழே வைத்தார்.

வாங்கும்போது எல்லோரும் முன்பக்கத்தைப் பார்க்கிறோம். செய்தவன் சொல்ல நினைத்ததையெல்லாம் பின்பக்கத்தில் எழுதிவிட்டுப் போகிறான். நம் வீட்டில் எத்தனை பொருளின் முதுகை நாம் படித்திருக்கிறோம்? வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்தேன். என் மனைவி ஏன் என்று கேட்கவில்லை. பழகிவிட்டது அவளுக்கு.

பெங்களூர்க்காரருக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னேன். தட்டைப் பின்னை அறுத்தது உட்பட. ஓட்டிப் பார்க்காத பெட்டிக்குப் பாதி விலைதான் என்று பதில் வந்தது. நான் மறுநாள் போனபோது அண்ணன் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “பாதி போச்சே... பாதி போச்சே” என்று உட்கார்ந்திருந்தார்.

மதினி தறியிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “போனாப் போகுது. ஆளு முழுசா இருக்கீகள்ல?”