மூன்று வருஷப் பட்டறையும் ஒற்றை வால்வு ரேடியோவும்

பட்டறைப் படிப்பு படித்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிலேட்டு தேய்வதற்குள் உள்ளங்கை தேய்ந்துவிடும் படிப்பு அது. சேலத்துத் தொழிற்பள்ளி ஒன்றில் மூன்று வருஷம் படித்தேன். ராசிபுரத்து நெசவுக் குடும்பம் எங்களுடையது. தறியில் உட்கார வேண்டியவன் இரும்போடு மல்லுக்கட்டுகிறானே என்று அப்பாவுக்கு மனத்தாங்கல்.

இரும்புக் கட்டி

முதல் வருஷம் ஆளுக்கொரு இரும்புக் கட்டி கொடுத்து, அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொன்னார்கள். ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் அடுத்த பக்கம் கோணும். வாத்தியார் கட்டியின்மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் பிடிப்பார். எங்காவது இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். கட்டி என்னிடமே திரும்பி வரும். மூன்று வாரத்தில் தீப்பெட்டியளவு இருந்தது பாக்களவு ஆகிவிட்டது. வாத்தியார் அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். "இன்னும் ஒரு வாரம் ராவுப்பா, உன் தங்கச்சிக்கு மூக்குத்தி ஆயிரும்."

சாணைக்கல்

பட்டறைக்கு மின்சாரம் வந்ததும், சாணைக்கல்லுக்கு மோட்டார் இணைக்கும் வேலை எனக்கும் என்னோடு படித்த பழனியப்பனுக்கும் வந்தது. சுவிட்சைப் போட்டோம். கல் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, பொறியெல்லாம் என் முகத்துக்கே வந்தது. மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பியை இடம் மாற்றினால் போதும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. பழனியப்பன் நிதானமாகச் சொன்னான்: "கல்லு சரியாத்தான் சுத்துது. நாமதான் அந்தப் பக்கம் போயி நிக்கோணும்."

எண்ணெய் எஞ்சின்

இரண்டாம் வருஷம் என்னையும் பழனியப்பனையும் பனமரத்துப்பட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பண்ணைக்கார அம்மாளின் கிணற்று எஞ்சின் நின்று நாலு நாள், மஞ்சள் பயிர் வாடிக்கொண்டிருந்தது. இருவரும் எஞ்சினைப் பிரித்து, குழாயில் அடைத்திருந்த அழுக்கை எடுத்து, மறுபடி பூட்டினோம். எஞ்சின் ஓடியது, தண்ணீரும் பாய்ந்தது. சாக்கின்மேல் மட்டும் இரண்டு மறையாணியும் ஒரு வளையமும் மிஞ்சிக் கிடந்தன. மறைப்பதற்குள் அந்த அம்மாள் பார்த்துவிட்டார். "ஏனுங்க சாமி, இதுக இல்லாமயே ஓடுதுங்களே! இன்னும் எதெது வேண்டாம்னு அப்படியே கழட்டிப் பாத்துருங்களேன்."

ரேடியோ

கடைசி வருஷத் தேர்வுக்கு நான் செய்தது ஒற்றை வால்வு ரேடியோ. திருச்சியில் ஒலிபரப்பு தொடங்கியிருந்த சமயம். கம்பிச் சுருளைக் கையாலேயே சுற்றி, மாமரத்திலிருந்து கூரைக்கு ஏரியல் கட்டினேன். கண்காட்சியன்று சாயங்காலம் அப்பா வந்தார். அது பாடாவிட்டால் நான் தறிக்குத் திரும்ப வேண்டும். பாடினால் என் இஷ்டம் என்று பேச்சு.

ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். நாதஸ்வரம் அவருக்கும் கேட்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. சட்டென்று ஹெட்போனைக் கழற்றி நீட்டினார்; சத்தம் நின்றுவிட்டிருந்தது. தேர்வாளர் மூன்று மேஜை தள்ளி நின்றார். பாட்டரியைத் தொட்டேன், வால்வைத் தொட்டேன், ஒன்றும் பலிக்கவில்லை.  அப்பா குனிந்து, தறியில் பாவு நூலைத் தடவுவதுபோல் சுருளைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். அங்கே கம்பி அறுந்திருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். தேர்வாளர் வந்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "இழை அறுந்தா இங்கயும் எல்லாம் நின்னுதான் போவுது. பரவால்ல, நீ இதையே பாரு."

இந்தத் தொழிலில் தேறிவிட்டோமா என்று நமக்குத் தெரியுமுன்பே, பழுதான சாமானோடு யாராவது வாசலில் வந்து நின்றுவிடுகிறார்கள்.