ஆலோசகரின் வரி எண்

விளம்பரப் பலகை செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதும் அந்த அம்மாவுக்கு, பிடித்தால் விடமாட்டார் என்பதால், 'கொக்கி' என்று பெயர். வெளியாட்களுக்குக் கொடுத்த தொகையை வருஷக் கடைசியில் வரி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வரி எண் தராத பெயின்டரை ஏணியிலிருந்து இறங்கவிடாமல் அதை வாங்கியவர் அவர்.

இந்த வருஷப் பட்டியலில் பெரிய தொகை முதலாளியின் மச்சானுக்கு, 'ஆலோசகர்' என்ற பெயரில். மின்விசிறியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னதைத் தவிர அவர் சொன்ன ஆலோசனை எதுவும் யாருக்கும் நினைவில்லை.

கொக்கி போன் செய்தார். "தம்பி, உங்க வரி எண் சொல்லுங்க."

"அக்கா, நான் வீட்டு ஆளாச்சே."

"அப்போ வீட்டுல வாங்கியிருக்கணும். கம்பெனியில வாங்கினா படிவத்துல வந்துதான் ஆகணும்."

அரை மணியில் முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "அவன் பேரை மட்டும் விட்டுடும்மா. வீட்ல என் பாடு திண்டாட்டமாயிடும்."

"நீங்களே அந்தப் பேரை அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க சார்."

கொக்கி பேனாவை நீட்டியபடியே இருந்தார். முதலாளி அதைத் தொடவில்லை. மச்சானின் எண்ணை அவரே வாங்கித் தந்தார்.

வரி கட்டச் சொல்லிக் கடிதம் வந்த அன்றே ஆலோசகர் பதவி விலகினார். இரண்டு வாரம் கழித்து முதலாளியின் மனைவி போன் செய்தபோது, கொக்கி திட்டு வாங்கத் தயாரானார்.

"என் தம்பி இப்போ நிஜமாவே வேலைக்குப் போறான்க்கா," என்றார் அவர். "இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?"