நோய்க்கு எந்த வினைச்சொல்?

நோயாளிகளுக்கான ஆங்கிலக் கையேடுகளைத் திருத்துவது என் பிழைப்பு. ஊர் சுவிட்சர்லாந்தின் லோசான், சுற்றிலும் பிரெஞ்சு, மண்டைக்குள் மதுரைத் தமிழ். சாவதற்கு 'டை ஆஃப்'பா, 'டை ஃப்ரம்'மா என்று நகம் கடித்தவர்களே, நீங்கள் என் கட்சி.

செய்த மாரடைப்பு

இதய டாக்டர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினால், நோயாளி மாரடைப்பைச் 'செய்வார்'. பிரெஞ்சில் அப்படித்தான். தமிழில் அது தானாக வரும். நான் 'ஹேட்', அதாவது 'வைத்திருந்தார்', என்று மாற்றிவிட்டு, அப்படியானால் நோய் உண்மையில் யாருடைய வேலை என்று அன்று முழுக்க யோசித்தேன். டாக்டருக்கோ எரிச்சல்.

"ஏன், ஆங்கிலேயர்கள் மாரடைப்பைப் பையில் வைத்துக்கொண்டா திரிகிறார்கள்?"

யாருக்குக் கஷ்டம்?

அச்சுக்குப் போகுமுன் கையேட்டை நோயாளி ஒருவரை வாசிக்கச் சொல்வோம். நீரிழிவுக் கையேட்டுக்கு வந்தவர் சிவமண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், ஓட்டல் சமையலறையில் வேலை, பள்ளிக்கூட ஆங்கிலம் கொஞ்சம் கைவசம். 'சஃபரிங் ஃப்ரம்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். 'லிவிங் வித்' என்று நான் மாற்றியது அவர் பேச்சைக் கேட்டுத்தான்.

"எனக்குச் சலரோகம் இருக்கு, ஓம். சஃபர் பண்ணுறது சீனியில்லாத தேத்தண்ணி போடுற என்ர மனுசியெல்லோ!"

முடிந்த பிறகு

அதே சிவமண்ணைக்கு இதயத்தில் ஆபரேஷன் என்றானது. முந்தின நாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். கனடாவின் ரொறன்ரோவில் அக்கா மகள்; பிள்ளையில்லாத இவருக்கு அவள்தான் பிள்ளை. தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் எழுதச் சொன்னார். "ஒப்பரேசன் நடந்தது, சுகமாயிட்டன் எண்டு எழுதுங்கோ. முடிஞ்ச பிறகு மனுசி அனுப்புவா."

கடல் கடந்த சொந்தத்துக்கு நோயை முடிந்த பிறகே சொல்வது நம் வழக்கம். நானும் மதுரைக்கு அப்படித்தான் சொல்கிறேன். அவர் போனில் 'ரிக்கவர்ட் ஃப்ரம்' வரை அடித்தேன். கை நின்றுவிட்டது. "அண்ணே, பொழைக்கிறதுக்கு முன்னாடியே பொழைச்சதா எப்படி எழுதுறது? அவளுக்கு இது தெரிய வேண்டாமா?" என்றேன்.

சிவமண்ணை போனை வாங்கி, நான் அடித்ததை அழித்து, அவரே எழுதினார்: நாளை ஆபரேஷன், 'ஐ ஆம் அஃப்ரெய்ட்'. பழக்கதோஷம், அடுத்து 'ஆஃப்' போட்டு எதற்குப் பயம் என்று சொல்லலாமே என்றேன். அவர் அனுப்பியே விட்டார்.

"ஓஃப் வேண்டாம் தம்பி. என்னத்துக்கெண்டு அவளுக்கு விளங்கும்."

சிவமண்ணை கண் விழித்தபோது ரொறன்ரோக்காரி கட்டிலருகில் உட்கார்ந்திருந்தாள். நான் திருத்திய எந்த ஆங்கிலத்துக்கும் இதுவரை ஆளே பதிலாக வந்து இறங்கியதில்லை.