அறுநூற்றுப் பதினொரு கிலோபைட்

பொன்னுராஜுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது எண்பத்தெட்டாம் வருஷத்தில். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவன் எலக்ட்ரீஷியன். மில் ஆபீசுக்கு முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, ஸ்டெபிலைசர் மாட்டி எர்த் ஒயர் இழுத்துக் கொடுக்கப் போனான். மதுரையிலிருந்து வந்த கம்பெனிக்காரர் அதை ஓட்டிக் காட்டிய இரண்டு நாளும், டெஸ்டரைக் கையில் பிடித்தபடி அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றான். அவர் ஊருக்குப் போன மூன்றாம் நாள் மெஷின் மக்கர் பண்ணியது. ஆபீசில் பட்டம் வாங்கியவர்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பொன்னுராஜ்தான் பிளாப்பியை மாற்றிப் போட்டு அதை எழுப்பினான். அன்றையிலிருந்து அவன் கம்ப்யூட்டர் பொன்னுராஜ். ஊரில் எந்த ஆபீசில் திரை கறுத்தாலும் அவனுக்குத்தான் ஆள் வந்தது. பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனிகளில் அவன் போய் நின்றால் நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலி அவனுக்குப் பிடித்துப் போயிற்று.

தொண்ணூற்று நாலில் மில்லில் கழித்துப் போட்ட ஒரு பழைய மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். முன்னறையில் தையல் மெஷினை நகர்த்திவிட்டு அங்கே வைத்தான். மனைவி கிருபாபாயிடம் சொன்னது இரண்டே வாக்கியம்: "தொடாத. தூசி மட்டும் தட்டு." அவள் திருவில்லிபுத்தூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் இங்கிலீஷ் டைப்பில் லோயரும் ஹையரும் முடித்தவள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்த பிறகு அந்தச் சர்ட்டிபிகேட்டுகள் பெட்டியின் அடியில் கிடந்தன.

அந்தக் காலத்து டாஸ் மெஷினில் ஒரு சங்கடம் உண்டு. எவ்வளவு மெமரி போட்டிருந்தாலும், ஒரு புரோகிராம் ஓடுவதற்குக் கிடைப்பது அறுநூற்று நாற்பது கிலோபைட்டுக்குள்தான். அதிலும் டாஸ் ஒரு பங்கைத் தின்றுவிடும். மவுசுக்கு, பிரிண்டருக்கு என்று ஏற்றுகிற குட்டிப் புரோகிராம்கள் இன்னொரு பங்கைத் தின்னும். அவற்றை மேலே இருக்கிற வேறு இடத்துக்குத் தள்ளிவிட்டால் கீழே இடம் மிச்சமாகும். இந்த மிச்சம் பிடிக்கிற வேலையில்தான் பொன்னுராஜுக்கு ருசி. ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்காருவான். எதை எங்கே ஏற்றுவது என்று மெஷினுக்குச் சொல்கிற கான்பிக் பைலில் ஒரு வரியை மாற்றுவான், மெஷினை அணைத்துப் போடுவான், எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பான், நோட்டில் எழுதுவான். ஐந்நூற்று நாற்பதில் ஆரம்பித்து ஒரு மாதத்தில் ஐந்நூற்று எண்பத்து மூன்றுக்குக் கொண்டுவந்துவிட்டான். மதுரைக்கு இந்தப் பக்கம் இதற்கு மேல் கொண்டுவர ஆளில்லை என்று நினைத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெஷினைப் போட்டான். அறுநூற்றுப் பதினொன்று என்று காட்டியது.

மறுபடி அணைத்துப் போட்டான். அதே அறுநூற்றுப் பதினொன்று. கான்பிக் பைலைத் திறந்தால், அவன் எழுதிய வரிகள்தான், ஆனால் இடம் மாறிக் கிடந்தன. புதிதாக இரண்டு வரிகளும் இருந்தன. பைல் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பார்த்தான். அன்றைக்குத்தான், காலை பதினொன்று நாற்பத்திரண்டு. அந்த நேரத்தில் அவன் மில்லில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான்.

கிருபாபாய் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் மனம் நேராகப் பால்பாண்டியிடம் போய் நின்றது. பால்பாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவன். மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். கல்யாணம் ஆகாதவன். போன மாதம் வீட்டுக்கு வந்து மெஷினைப் பார்த்துவிட்டு, "இன்னும் எடம் மிச்சம் புடிக்கலாமே அண்ணாச்சி," என்று சொன்னான். காபி கொண்டுவந்த கிருபாபாய் அதைக் கேட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அது வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது அந்தச் சிரிப்பு ஒரு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தலைவலி என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கு மில்லை விட்டுக் கிளம்பினான். தெருமுனையிலேயே மொபெட்டை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்தான். வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் வேறு ஆள் செருப்பு இல்லை. உள்ளே கிருபாபாய் மட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சேலையை இடுப்பில் செருகியிருந்தாள். கொண்டையில் ஒரு பென்சில், மடியில் தடித்த டாஸ் புத்தகம். கண் திரையில் இருக்க, பத்து விரலும் கீபோர்டில் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமும் பொன்னுராஜ் தட்டியது இரண்டு விரலால்.

"நீங்களா? சோத்துப் போணிய மறந்துட்டுப் போனீகளோ?" என்றாள், எழுந்திருக்காமலே.

"இத ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"எத?"

"இந்த வரியெல்லாம். பால்பாண்டி வாரானா இங்க?"

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகத்தில் என்னவோ ஒன்று அடங்கிப் போயிற்று.

"அவரு எதுக்கு இங்க வாராரு? எல்லாம் புஸ்தகத்துல இருக்கு. நீங்க பாதியோட நிறுத்திட்டீக. பெட்டியில ஏனம் பாத்திரத்த அடுக்கணும்னா பெருச மொதல்ல வச்சுட்டுத்தான் பொறவு சின்னத இண்டு இடுக்குல சொருகணும். நீங்க சின்னத மொதல்ல ஏத்தி எடத்த அடச்சு வச்சிருந்தீக. நான் வரிசைய மாத்துனேன், அம்புட்டுத்தான்."

"எத்தன நாளா நடக்குது இது?"

"நீங்க கொண்டாந்த மறு வாரத்துலருந்து."

பொன்னுராஜ் கட்டிலில் உட்கார்ந்தான். சந்தேகம் பொய் என்று தெரிந்துவிட்டது. அதற்கு நியாயமாக நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வேறொருவன் என்றால் சண்டை போடலாம், சட்டையைப் பிடிக்கலாம், ஊர் தன் பக்கம் நிற்கும். இவளோடு என்னத்தைச் சண்டை போடுவது? அவன் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட காரியத்தை, இவள் உலை கொதிக்கிற நேரத்தில் முடித்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது, முதலில் வந்தது சும்மா சந்தேகம், இப்போது வந்திருப்பதுதான் உண்மையான பொறாமை என்று.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மில்லுக்குத் திரும்பிப் போனான்.

மில்லில் உற்பத்திக் கணக்குப் புரோகிராம் இடம் போதவில்லை என்று அடிக்கடி நின்றுபோகும். மறுநாளே அங்கே வரிசையை மாற்றினான். புரோகிராம் நிற்காமல் ஓடியது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "எப்படிய்யா புடிச்ச?" என்று கேட்டார். "ராத்திரி பகலா யோசிச்சேன் சார்," என்றான் பொன்னுராஜ். மேனேஜர் தோளில் தட்டிய இடம் சாயங்காலம்வரை அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டான். "மில்லு பைலு இருக்கு, பத்திரம் வேணும்," என்றான். கிருபாபாய் சரி என்றாள். தையல் மெஷினைச் சுவர் ஓரத்திலிருந்து இழுத்துப் போட்டு, பிள்ளைகளின் பாவாடைக்கு மடிப்பு தைக்க உட்கார்ந்தாள். புத்தகம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அவள் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனும் எத்தனையோ சாயங்காலம் மல்லுக்கட்டிப் பார்த்தான். அறுநூற்றுப் பதினொன்றைத் தாண்ட முடியவில்லை.

இப்படியே மூன்று மாதம் போனது. ஒரு நாள் திருவில்லிபுத்தூரிலிருந்து சங்கரலிங்கம் வந்தார். கிருபாபாய் டைப் படித்த இன்ஸ்டிட்யூட்டை நடத்தியவர். இப்போது டைப் மெஷின்களில் பாதியை விற்றுவிட்டு, நாலு கம்ப்யூட்டர் போட்டு சென்டர் ஆரம்பித்திருந்தார். அவர் வந்த நேரம் கிருபாபாய் வேதக் கோவிலில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

"பொம்பளப் பிள்ளைக நெறையா வருது தம்பி. லேடி டீச்சர் இருக்காகளான்னுதான் மொதக் கேள்வியே கேக்காக. கிருபாவுக்குக் கை பறக்கும். கம்ப்யூட்டர நான் பழக்கிக்கிடுதேன். நீங்க அனுப்பி வச்சா போதும்."

பொன்னுராஜ் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் சொன்னதுதான் பின்னால் அவனை அதிகம் அறுத்தது. "அவளுக்குக் கம்ப்யூட்டர்னாலே பயம் அண்ணாச்சி. கரண்டு அடிச்சிருமோன்னு கிட்டக்கூட வரமாட்டா."

சங்கரலிங்கம் மூடிப் போட்டிருந்த மெஷினை ஒரு தடவை பார்த்தார். காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் வந்ததைப் பொன்னுராஜ் வீட்டில் சொல்லவில்லை. டம்ளரை அவனே கழுவிக் கவிழ்த்தான்.

தை மாதம் திருவில்லிபுத்தூரில் கிருபாபாயின் சித்தி மகளுக்குக் கல்யாணம். பந்தியில் சங்கரலிங்கமும் இருந்தார். கை கழுவுகிற இடத்தில் அவர் கிருபாபாயிடம் பேசிக்கொண்டிருப்பதைப் பொன்னுராஜ் தூரத்திலிருந்து பார்த்தான். பாயசத்தை முடிக்காமலே இலையை மடித்தான். அவள் திரும்பி வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறும்வரை ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணி பஸ்ஸில் கூட்டம் இல்லை. பிள்ளைகள் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் எல்லை தாண்டியதும் கேட்டாள்.

"எனக்குப் பயம்னா சொன்னீக?"

அவன் வெளியே பருத்திக் காட்டைப் பார்த்தான்.

"ஒங்களத்தான் கேக்கேன்."

"ஆமா. சொன்னேன்."

"எதுக்கு?"

அவனிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல ஒரு மைல் தூரம் ஆயிற்று. "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் கிருபா. அதுலயும் நீ எனக்கு மேல போயிட்ட. தாங்க முடியல."

கிருபாபாய் மடியில் இருந்த தாம்பூலப் பையைச் சுருட்டிப் பிடித்தாள். "பாஸ்வேர்டு போட்டீகளே, அது எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். நீங்க தட்டையில வாயும் சேந்து முணுமுணுக்கும். நான் தொடல. நீங்களா எடுத்து விடுவீகன்னு பாத்தேன்." பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "திங்கக்கெழமையிலருந்து போறேன். சங்கரலிங்கம் சார்ட்ட சொல்லிட்டேன்," என்றாள். அவனைக் கேட்கவில்லை, தெரிவித்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்ததால் பேச்சு அதோடு நின்றது.

அவள் போனாள். தினம் ஒன்பது மணி பஸ். பால்காரரும் அண்டை அசலும் டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விண்டோஸ் தொண்ணூற்றைந்து வந்தபோது ஊரில் பாதி ஆபீசுகள் அவளிடம்தான் கேட்டுப் போட்டன. பேண்டேஜ் கம்பெனிக்காரர்கள் வீட்டு வாசலில் நின்று, "டீச்சர் இல்லையா?" என்று கேட்பார்கள். "நான் பாக்கேன், என்ன விஷயம்?" என்று பொன்னுராஜ் சொன்னால், "இல்ல, அவிய வரட்டும்," என்பார்கள். வருத்தப்படுத்த வேண்டுமென்று சொன்னதில்லை. அதனால்தான் வருத்தமாக இருந்தது. அவளுக்கு ஏதாவது ஒரு நாள் ஏதாவது ஒரு மெஷின் படியக்கூடாது என்று வேண்டிக்கொண்டதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே அதை வேண்டியிருக்கிறான்.

தொண்ணூற்றெட்டில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு, விண்டோசுக்குப் பதிலாக ஓடுகிற லினக்ஸ் சி.டி. ஒன்று வந்தது. பத்திரிகையை டீபாயில் போட்டுவிட்டு, சி.டி.யை மட்டும் எடுத்து டூல்ஸ் பெட்டிக்குள் ஒளித்து வைத்தான். அவள் சென்டரில் இருக்கிற நேரமாகப் பார்த்து, புதிதாக வாங்கியிருந்த பென்டியத்தில் அதை ஏற்றினான். எல்லாம் ஏறியது. மெஷினைப் போட்டால் மட்டும் திரையில் எல், ஐ என்று இரண்டு எழுத்து வந்து அப்படியே நின்றது. விண்டோசும் வரவில்லை. பழைய டாஸ் பிளாப்பி போட்டு எழுப்பித்தான் வீட்டில் மெஷின் வேலை நடந்தது.

கிருபாபாய் வந்து பார்த்தாள். அந்த இரண்டு எழுத்தையும் பார்த்தாள், டூல்ஸ் பெட்டியையும் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு தோணுது. சொல்லவா?" என்றாள்.

"வேண்டாம்."

அவள் சொல்லவில்லை. ஒன்பது நாள் ஆயிற்று அவனுக்கு. ஹார்டு டிஸ்க் பெரிது, அதன் கடைசிப் பகுதியில் ஏற்றியதால் மெஷின் தொடங்கும்போது அதற்கு அங்கே எட்டவில்லை. ஒன்பதாம் நாள், டிஸ்க்கின் ஆரம்பத்திலேயே சின்னதாக ஓர் இடம் ஒதுக்கி, தொடங்குவதற்கு வேண்டியதை மட்டும் அதில் வைத்தான். கறுப்புத் திரையில் வரிசை வரிசையாக எழுத்து ஓடி, கடைசியில் பெயர் கேட்டு நின்றது. அன்றைக்கு அவனுக்கு வார லீவு. சட்டையை மாட்டிக்கொண்டு திருவில்லிபுத்தூர் பஸ் ஏறினான்.

சென்டரில் அவள் வகுப்பு முடித்து வெளியே வந்தாள். நின்றபடியே சொன்னான். அவள் முழுதும் கேட்டாள்.

"நான் பயாஸ்ல டிஸ்க் செட்டிங் தப்புன்னு நெனச்சிருந்தேன். நான் நெனச்சது தப்பு," என்றாள்.

பொன்னுராஜுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. மெஷின் ஓடியபோது வந்த சந்தோஷத்தைவிட இது பெரிதாக இருந்தது. அப்படி இருக்கக்கூடாது என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "இப்ப செத்த நேரம் ஒக்காந்து எனக்குச் சொல்லிக் குடுங்க, நாளைக்கு வகுப்புல கேப்பாக," என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மறுவருஷம் முன்னறையில் இரண்டு மெஷின்கள் எதிரும் புதிருமாக நின்றன. ஒன்று அவளுடையது, மற்றது அவனுடையது. நடுவில் ஒரு கேபிள். சாயங்காலங்களில் இரண்டு பேரும் ஆளுக்கொன்றில் உட்காருவார்கள். பொன்னுராஜுக்கு அந்த நேரத்தில் தாகம் அதிகம் எடுக்கும். அடிக்கடி எழுந்து அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போவான். போகிற வழியில் அவள் திரையில் என்ன ஓடுகிறது என்று ஒரு கண் பார்த்துக்கொள்வான். அவளும் திரையைக் கொஞ்சம் அவன் பக்கம் திருப்பியே வைத்திருப்பாள்.