பொட்டு வைத்த கன்று

புவாண்ட்-கிளேர் நகரக் கடையொன்றில் முயலுக்கென்று பையில் அடைத்திருந்த காய்ந்த புல்லின் மணம் மூக்கில் ஏறியதும், இன்று அடுக்குமாடிகளாகிவிட்ட எங்கள் பண்ணையும், இரண்டாயிரத்து மூன்றின் கோடையில் அப்பா வாங்கி வந்த புதுக் கன்றும், சிறுவர் கால்நடைக் கண்காட்சியில் பரிசெடுக்க வேண்டுமென்று அதற்குப் புட்டிப்பால் பருக்கி, என் ஷாம்பூவையே போட்டுக் குளிப்பாட்டிய வீராதிவீரனான நானும் நினைவுக்கு வந்தோம்.

கண்காட்சியன்று தூறல். நடுவர் முன் கன்றை நடத்திக் காட்டும் வட்டத்தில் பாதி நடந்திருப்போம், கன்றின் நெற்றியிலிருந்து சிவப்பாக வழிந்தது. கயிற்றை விட்டுவிட்டு, "ரத்தம், டொக்டரைக் கூப்பிடுங்கோ" என்று கத்தியபடி வேலியேறிக் குதித்தேன். கன்றோ அவசரமில்லாமல் தனியாகவே சுற்றி முடித்தது.

"விடிய அம்மா வைச்ச பொட்டடா அது, விசரா," என்றாள் வேலியோரம் நின்ற அக்கா.

நடுவர் பரிசு ரிப்பனைக் கன்றின் கழுத்தில் கட்டிவிட்டு, கயிற்றை அக்காவிடம் கொடுத்தார். கன்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு இளக்காரமாக என்னைப் பிறகு எவரும் பார்த்ததில்லை, சவரம் செய்யும்போது நானே பார்ப்பதைத் தவிர.