சாமி படம் மட்டும் இல்லாத ஃபோல்டர்

நேற்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு ஃபோல்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று லிஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். பைத்தானில் ஒரே வரி. பெயர்கள் மளமளவென்று இறங்கின. "மறைச்சு வச்ச ஃபைலும் இதுல வருமாம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார்?" என்றாள். எதுக்கு என்று சொல்ல ஆரம்பித்தால் சிவகாசி வரைக்கும் போக வேண்டும். அவளுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அங்கே ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். விருதுநகர் கம்ப்யூட்டர் சென்டரில் விஷுவல் பேசிக்கும் ஜாவாவும் படித்தவன் என்று மரியாதை கொஞ்சம் அதிகம், சம்பளம் அப்படியில்லை. மை வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் சட்டையை விட்டுப் போகாது. அச்சடிக்கும் பிளேட் போட அனுப்பும் முன் ஃபோல்டரில் உள்ள படங்களின் பெயர்களைத் தாளில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு விஷுவல் பேசிக்கில் ஒரு குட்டி புரோகிராம் எழுதிவிட்டு, ராக்கெட் விட்டவன் மாதிரி பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பக்கம் ஆடிப்பெருக்கன்றுதான் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியே எடுப்பார்கள். அதுவரை புதுச் சாமி படங்களை வெளியாள் கண்ணில் காட்ட மாட்டார்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் உருவாக்கியவள் ஜெயராணி. சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கழுத்தில் சிலுவை டாலர் ஆட, குனிந்து முருகனின் வேல் நுனியைத் திருத்திக்கொண்டிருப்பாள்.

பெருக்கு நெருங்கிய ஒரு காலையில் லிஸ்ட் எடுத்தேன். கார் இருந்தது, குழந்தை இருந்தது, அருவி இருந்தது. சாமி ஒன்றுகூட இல்லை. ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் இல்லை. தூரத்தில் பட்டாசு ஆலைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் யார் வீட்டுக்கு என்னவோ என்று எங்கள் ஊரே வாசலுக்கு ஓடிவரும். அன்று சத்தமே இல்லாமல் அச்சகமே கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு ஓடிவந்தது.

முதலாளி அண்ணாச்சி திரையைப் பார்த்தார். பிறகு ஜெயராணியைப் பார்த்தார்.

"காரு இருக்கு, பாப்பா இருக்கு. சாமி மட்டும் எப்படிம்மா போகும்?"

"நேத்து மத்தியானம் இருந்துச்சு அண்ணாச்சி. நான் ஒண்ணும் செய்யல."

"ஒன்னையச் சொல்லல."

ஆனால் வாசலில் கூடியவர்களில் யாரோ, "அவுகளுக்கு நம்ம சாமின்னா அம்புட்டுத்தான்" என்றார்கள். அது அவள் காதில் விழுந்தது. அண்ணாச்சி காதிலும் விழுந்திருக்கும், அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாமி படத்தை அழித்தவள் என்று பேர் வந்துவிட்டால் சிவகாசியில் எந்த அச்சகமும் அவளைச் சேர்க்காது. அவள் மவுஸை என் பக்கம் நகர்த்தினாள். "இன்னொரு தடவ பாருங்கண்ணே" என்றாள்.

மறுபடி ஓட்டினேன். அதே கார், அதே அருவி. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வேறு வழி தெரியாமல், சென்டரில் படித்தபோது இதே போல் லிஸ்ட் எடுக்க எழுதிய பழைய ஜாவா புரோகிராமை அதே ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டேன். பிள்ளையார், முருகன், மீனாட்சி, லட்சுமி என்று வரிசையாக இறங்கினார்கள். அப்புறம்தான் உறைத்தது. மறைத்து வைத்த ஃபைலை, தனியாகக் கேட்டாலொழிய விஷுவல் பேசிக் சொல்லாது. ஜாவா கேட்காமலே சொல்லிவிடும்.

"யாருலே மறைச்சது?" என்று ஆரம்பித்த அண்ணாச்சி பாதியில் நிறுத்தினார். முந்தின நாள் சாயங்காலம் வெளியூர் ஏஜெண்டு ஒருவர் கம்ப்யூட்டர் பக்கமே சுற்றினாராம். நான் எப்போதோ சொல்லிக்கொடுத்தபடி, சாமி படங்களை மறைக்கச் சொல்லி டிக் அடித்துவிட்டுப் போனவர் அண்ணாச்சியேதான்.

"மறைச்சது அடுத்தவனுக்குத்தானலே? மொதலாளி எனக்குமா காட்டாது?"

எல்லோரும் சிரித்தார்கள். பயம் தெளிந்து நானும் சிரித்தேன். ஜெயராணி சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் கேட்டாள்: "ஒங்ககிட்ட அந்த ரெண்டாவது புரோகிராம் இல்லாட்டி என்னைய என்ன செஞ்சிருப்பாகண்ணே?"

அதன் பிறகு தினமும் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் இரண்டு புரோகிராமையும் ஓட்டிக் காட்டச் சொல்வாள். பையைத் தோளில் மாட்டியபடி கடைசிப் பெயர் வரும்வரை நிற்பாள். "எல்லாரும் இருக்காகளாண்ணே?" என்பாள். இருக்காங்க என்று நான் சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டுவாள்.

இப்போது அந்த அச்சகம் இல்லை. விஷுவல் பேசிக்கில் எழுத ஆள் இல்லை. அந்த வருஷக் காலண்டர் சீசன் முடியும் முன்பே ஜெயராணி வேலையை விட்டுவிட்டாள்; ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் போன மறுநாள் சாயங்காலம் பழக்கத்தில் இரண்டு புரோகிராமையும் ஓட்டினேன். பிள்ளையாரில் தொடங்கி எல்லாரும் இருந்தார்கள். பக்கத்தில் கேட்கத்தான் ஆளில்லை.